புறங்கை

…வாசனை இல்லாததாக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் மருந்துக்கடையில் கேட்டாள், கடைக்காரர் வெள்ளை ட்யூப் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு முகத்துக்கா கைக்கா என்றார், கைக்கு என்றாள், அது பொய் இல்லை, கைக்குத்தான், அதிலும் இடது புறங்கைக்கு, இத்தனை வருடமாக இவள் நின்று விற்கிற இந்த அழகுசாதனக் கவுண்டரில் வந்து இறங்குகிற எல்லா க்ரீமையும் முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் புறங்கைதானே… வாடிக்கையாளர் முகத்தில் எடுத்த எடுப்பில் கை வைக்கக் கூடாது, முதலில் உன் கையில் தடவிக் காட்டு, எப்படி உள்ளே இறங்குகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும், பிறகு அவர்கள் கையில் தடவு, முகமெல்லாம் அப்புறம், இது வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் அக்கா சொல்லிக்கொடுத்த முறை. கடையில் இவளுக்கு சாம்பிள் என்று பெயர் விழுந்ததும் அதனால்தான், சாம்பிள் இங்க வா, சாம்பிள் சாப்பிட்டாச்சா, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இவளுக்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். இடது புறங்கை வலதைவிட வெளுத்து வழவழவென்று இருந்தது, யாரோ பெரிய இடத்துப் பெண்ணின் கையை இரவல் வாங்கி மாட்டியது போல. இப்போது மதியச் சாப்பாடு முடிந்து மாடியில் ஆள் நடமாட்டம் இல்லை, எதிர் வரிசை செண்ட் கவுண்டர் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே காற்றில் எதையோ பீய்ச்சினாள், அது இங்கே வந்து சேருவதற்குள் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சைப் பிடிப்பது பழகிவிட்டது. வயிற்றில் இருப்பது கடையில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டாம், வீட்டில் கணவனுக்கு மட்டும் தெரியும், அவனுக்கும் இவளாகச் சொல்லவில்லை, குளியலறைக் குப்பைக்கூடையில் பரிசோதனைக் குச்சியைப் பார்த்துவிட்டு அவனே வந்து நின்றான், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆள், நகக்கண்ணில் கிரீஸ் இல்லாத நாளே கிடையாது, அன்றைக்கு என்னவோ முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து ஈரக்கையோடு நின்றான், இவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள், அவ்வளவுதான். சந்தோஷம் வரவில்லை. பயமாவது வந்திருந்தால் தேவலை, அதுவும் வரவில்லை, பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தட்டினால் சத்தம் கேட்கிறது, உறைக்கவில்லை… போன தடவை இப்படியா இருந்தாள், கோடு தெரிந்த அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டாள், அம்மா அந்தப் பக்கம் அழுதாள், அழுத கையோடு சித்திக்குச் சொன்னாள், சித்தியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, மூன்றாவது மாதம் முடிவதற்குள் எல்லாம் கலைந்துபோனது. வலியெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அம்மாவிடம் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டதுதான் தாங்கவில்லை, அம்மா எதுவும் கேட்கவில்லை, சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள், போனை யார் முதலில் வைத்தார்கள் என்பது ஞாபகம் இல்லை. கடைக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டாள். திரும்பி வந்த அன்று சூப்பர்வைசர் அக்கா காய்ச்சல் விட்டுச்சா என்றாள், விட்டுடுச்சுக்கா என்றாள்.

போன தடவை கோடு தெரிவதற்கு முந்தின மாதம்தான் அந்த நைட் க்ரீம் கடைக்கு வந்திருந்தது. கண்ணாடி டப்பா, தங்க நிற மூடி, உள்ளே லேசான மஞ்சளில் ரெட்டினால் கலந்த சரக்கு, தோலை உரித்துப் புதுசாக்கும், அட்டையின் அடிப்பக்கம் எறும்பு ஊர்கிற எழுத்தில் கர்ப்பிணிகள் தவிர்க்கவும் என்று போட்டிருக்கும். ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் தடவுவாள், மாசமா இருக்கீங்களா, குழந்தைக்குப் பால் குடுக்கிறீங்களா, அவர்கள் இல்லை என்றதும் டப்பாவைத் திறந்து தன் கையில் ஒரு சொட்டு… வந்தவர்கள் எல்லாரையும் கேட்ட வாய், தடவுகிற கைக்குச் சொந்தக்காரியை மட்டும் கேட்கவில்லை. அவளுக்கே அப்போது தெரியாதே. கோடு தெரிந்த பிறகு வேறு க்ரீம்களின் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள், அதற்கு முன்னால் தடவியதை என்ன செய்வது, அள்ளவா முடியும். கலைந்த பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டாள், அவர் சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், மாத்திரையா சாப்பிடுறதுதான் பெரிய ஆபத்து, மேல தடவுறதுல உள்ள போறது ரொம்பக் கொஞ்சம், வேண்டாம்னு சொல்றது ஒரு ஜாக்கிரதைக்கு, உனக்குக் கலைஞ்சதுக்கு அது காரணம்னு சொல்ல எதுவும் இல்ல, நிறையப் பேருக்கு இப்படி ஆகுது, உன்னைப் போட்டு நீயே வதைச்சுக்காதே. தலையை ஆட்டினாள். நன்றி டாக்டர் என்றாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து இடது புறங்கையைத் தேய்த்தாள், சிவந்தது, மறுநாள் பார்த்தால் முன்னைவிட வழவழப்பாக இருந்தது.

இந்தத் தடவை வீட்டு அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டாள். ஊரெல்லாம் முகத்துக்கு என்ன போடலாம் என்று இவளிடம் கேட்டுப் போகிறது, இவள் வீட்டுக் குளியலறையில் ஒரு சோப்பு, அந்த வெள்ளை ட்யூப், துத்தநாகம் போட்ட வெயில் க்ரீம், அதுவும் பூசினால் மாவு மில்லில் வேலை பார்க்கிறவள் மாதிரி இருக்கும், வேறொன்றும் கிடையாது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த சின்னச் சின்ன டப்பா, பரு க்ரீம், மங்கு க்ரீம், தோல் உரிக்கிற சீரம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கம் படித்தாள், ஹைட்ரோகுவினோன் இருக்கிறதா, அந்தப் பக்கம், ரெட்டின் என்று எதிலாவது ஒரு பெயர் ஆரம்பிக்கிறதா, அந்தப் பக்கம், என்ன கலந்திருக்கிறது என்றே போடாமல் வெள்ளை ஆக்கும் என்று மட்டும் போட்டிருக்கிறதா, அதைத் தொட்ட விரலையும் கழுவு… வைட்டமின் சி இருக்கலாம், கிளிசரின் இருக்கலாம், இருக்கலாம் என்று தெரிந்தும் பையில் போட்டாள். கணவன் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, கடையையே காலி பண்ணிட்ட போலிருக்கே என்றான், சிரிப்பு காட்டத்தான் சொன்னான், இவளுக்கும் அது தெரிந்தது, சிரிக்க வேண்டிய இடத்தில் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். குழந்தைக்கு ஒரு துணி வாங்கவில்லை. பெயர் என்று ஒன்று மனசில் வந்தால் உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வாள். வேண்டாததை எல்லாம் இவ்வளவு சரியாக எடுத்து வைக்கத் தெரிகிறது, வேண்டியது என்று ஒன்றைக்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை, இது என்ன மாதிரி மனசு என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

ஆனால் கடையில் ஒதுங்க வழியில்லை. அந்த நைட் க்ரீமுக்கென்று கவுண்டர் நடுவில் விளக்குப் போட்டு ஒரு மேடையே கட்டிவிட்டார்கள், வருகிறவர்கள் எல்லாம் நேராக அதைத்தான் கேட்கிறார்கள், தடவிக் காட்ட மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் சொன்னதை ஒருநாள் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டி வரலாம், சூப்பர்வைசர் அக்காவிடம் போய் இன்னொரு சரிம்மா சரிம்மா… அதனால்தான் ஒரு காலையில் முதல் ஆளாக வந்து, தடவிக் காட்டவென்று திறந்து வைத்திருக்கும் டெஸ்டர் டப்பாவைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்ததை மரக் குச்சியால் வழித்துப் பாலிதீன் பையில் கட்டிப் போட்டுவிட்டு, டப்பாவை வெந்நீரில் கழுவித் துடைத்து, மருந்துக்கடை ட்யூப்பைப் பிதுக்கி நிரப்பி வைத்தாள். மஞ்சள் வெள்ளையானது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. அன்றிலிருந்து பயமில்லாமல் தடவிக் காட்டினாள், வாடிக்கையாளர் கையிலும் அதையே தடவினாள், அங்கேதான் ஒரு கூத்து நடந்தது, அசல் க்ரீம் கொஞ்சம் குத்தும், இது எங்கே குத்தப்போகிறது, வெண்ணெய் மாதிரி இறங்கியது, ஆஹா என்றார்கள், எடுத்துப் போடுங்க என்றார்கள், நைட் க்ரீம் மேடை வாரத்துக்கு வாரம் காலியானது. சூப்பர்வைசர் அக்கா வாயெல்லாம் பல்லாக, உன் கைராசியே ராசிடி சாம்பிள் என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள். இவள் பாட்டுக்கு அடுத்த அட்டையைப் பிரித்து அடுக்கினாள். தப்பு என்று தெரியாமல் இல்லை, தெரிந்தது, தெரிந்ததோடு சரி.

நகரும் படிக்கட்டில் ஒரு தலை ஏறி வந்தது, பிறகு தோள், பிறகு கையில் மாட்டியிருந்த ஹெல்மெட். சின்னப் பெண். நெற்றியில் பருக்கள், ஒன்றிரண்டு அடங்கி இருந்தன. பார்த்த முகம்… அலுவலகத்தில் எல்லாரும் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்று சொன்ன பெண், கையில் தடவியதும் சுகமா இருக்குக்கா என்று முகர்ந்து பார்த்த பெண், ஒரு வாசனையும் இல்லியே என்று வேறு சொன்னாள், அன்றைக்கு அந்த வார்த்தைக்கு மட்டும் இவளுக்குக் கொஞ்சம் திக்கென்றது. இப்போது அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கண்ணாடி மேல் வைத்தாள், அதற்குள்ளிருந்து நைட் க்ரீம் அட்டையை எடுத்தாள், அட்டையின் அடிப்பக்கத்தை மேலே திருப்பி வைத்தாள். எறும்பு எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அக்கா, இது…" என்றாள், அந்த விரலை எடுக்கவில்லை.

இவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியில் ஹெல்மெட்டின் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது, வெளியே மழையா என்று நினைத்தாள், துணியை எடுத்து அதைத் துடைத்தாள். "நான் அன்னிக்கு உங்ககிட்ட கேட்டேனா, மாசமா இருக்கீங்களான்னு?" கேட்டீங்கக்கா, இல்லன்னுதான் சொன்னேன், எனக்கே அப்ப தெரியாது, முந்தாநாள்தான் தெரிஞ்சுது, தினமும் ராத்திரி போட்டுட்டு இருந்தேன், ஒருநாள்கூட விடல… பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம், அவருக்கும் சொல்லவில்லையாம், முதலில் இங்கே கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வந்தாளாம். நல்ல சேதியைக் கட்டிய ஆளிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு க்ரீம் விற்கிறவளிடம் அனுமதி கேட்க வந்திருக்கிறாள், இவள் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள், வலது புறங்கையில் விடாமல் தேய்த்துத் தேய்த்து ஒரு இடம் சிவந்திருந்தது.

"கடையில போட்டுப் பாத்தப்போ குத்தவே இல்லக்கா. வீட்டுல போட்டா சுறுசுறுன்னுச்சு. வேலை செய்யுது போலன்னு நெனச்சு விட்டுட்டேன்." இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். முதலில் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் சொல்கிற பதில் ஒன்று கைவசம் இருக்கிறது, நாக்கின் நுனியிலேயே இருந்தது, சொன்னால் அந்தப் பெண் நம்பிக்கொண்டு போய்விடுவாள். நம்பி… போய்… ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சுறுசுறுவென்று இருந்ததே அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று ஆரம்பிப்பாள். அது எங்கே ஆரம்பித்து எங்கே போகும் என்று இவளுக்குத் தெரியும், ஒவ்வொரு திருப்பமும் தெரியும். டாக்டரம்மா சொன்னதை முதலில் சொன்னாள், மாத்திரையா சாப்பிடுறதுதான் பெரிய ஆபத்து, மேல தடவுறதுல உள்ள போறது ரொம்பக் கொஞ்சம், இன்னியோட நிறுத்திடுங்க, டாக்டர்கிட்ட இந்த அட்டையைக் காட்டுங்க, மறைக்காதீங்க, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல… சொல்லிக்கொண்டே போனபோது வார்த்தைக்கு வார்த்தை எல்லாம் அப்படியே ஞாபகம் இருந்தது ஆச்சரியமாக இருந்தது, அன்றைக்குக் காதில் விழுந்ததாகவே நினைக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கையில போட்டுப் பாத்தது இது இல்ல. டெஸ்டர்ல இருக்கறது வேற. மருந்துக்கடைல வாசனை இல்லாத க்ரீம்னு கேட்டா குடுப்பாங்க, வெள்ளை ட்யூப். நான்தான் மாத்தி வெச்சேன்" என்றாள்.

"ஏங்க்கா?"

"நானும் மாசமா இருக்கேன்." சொன்ன பிறகும் மாடி அப்படியேதான் இருந்தது, நகரும் படிக்கட்டு ஆளில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. "இது ரெண்டாவது."

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வந்திருந்தால் நியாயம், சூப்பர்வைசரைக் கூப்பிடு என்றிருந்தால் கூப்பிட்டிருப்பாள். வரவில்லை. அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்தாள், பிறகு பார்வை மெதுவாக இடது புறங்கைக்கு இறங்கியது, அங்கேயே நின்றது, ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி. "அப்ப மூத்தது வயித்துல இருந்தப்பவும் நீங்க இங்கதான் வேலை பாத்தீங்களாக்கா?" ஆமாம் என்றாள். "இதெல்லாம் தொட்டுக்கிட்டேதான் இருந்தீங்களா?" ஆமாம். "மூத்தது… நல்லாருக்கில்ல?"

செண்ட் கவுண்டர் பெண் இன்னொரு தடவை பீய்ச்சினாள், மூச்சைப் பிடிக்க மறந்து அது உள்ளே போனது, மல்லிகை என்று போட்டிருப்பார்கள், மல்லிகையாக இருக்காது… "நல்லாருக்கு" என்றாள். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. தடுமாறவில்லை, கண் கலங்கவில்லை, இதே குரலில்தான் எல்லாருக்கும் நல்லா இருக்கும் எடுத்துக்கோங்க என்று சொல்வாள். அந்தப் பெண்ணின் தோள் இறங்கியதைப் பார்த்தாள், நெற்றிச் சுருக்கம் போனதைப் பார்த்தாள், பையனா பொண்ணா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தாள், நல்ல வேளை கேட்கவில்லை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளை ட்யூப்தானே என்று இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு, அவருக்குப் போன் பண்ணணும்க்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பாதிப் படியிலேயே போனைக் காதுக்குக் கொண்டுபோய், ஹெல்மெட் இடித்து, அதைக் கழற்றப் போராடிக்கொண்டே கீழே மறைந்தாள்.

இவள் டெஸ்டர் டப்பாவை எடுத்துத் தங்க மூடியைத் திருகினாள். கழுவ வேண்டும், உள்ளே இருக்க வேண்டியதை உள்ளே வைக்க வேண்டும், அதற்கு முன்னால் யாரிடம் என்ன சொல்வது… அது கிடக்கட்டும், நல்லாருக்கு என்று எப்படிச் சொன்னோம்? க்ரீம்தான் கொன்றது என்று உள்ளுக்குள் நிஜமாகவே நம்பியிருந்தால் அந்தப் பெண்ணிடம் அந்த வார்த்தை வந்திருக்குமா, வந்திருக்காது, நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் நம்பவில்லை. நம்பாததற்கா நாரை எடுத்துத் தேய்த்தோம், அலமாரியைக் காலி செய்தோம், டப்பாவை மாற்றினோம்… அல்லது இது போய்விட்டாலும் இந்தத் தடவை என்மேல்தான் தப்பு என்று யாரும் கை காட்ட முடியாது என்பதற்காகவா? வரப்போகிறதற்கு இல்லாமல் போகப்போகிறதற்கா இவ்வளவு நாளும் தயாராகிக்கொண்டிருந்தோம்? விரல் டப்பாவுக்குள் போயிருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, பழக்க தோஷத்தில் ஒரு சொட்டை இடது புறங்கையில் வைத்தாள், தடவாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவதா?" பின்னால் சூப்பர்வைசர் அக்கா நின்றிருந்தாள், கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, எல்லாம் கேட்டதோ கடைசி மட்டும் கேட்டதோ, முகத்தில் கோபம் இல்லை, கோபம் பிறகு வரலாம், டெஸ்டர் விஷயம் பிறகு வரலாம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, உயரமான ஸ்டூலை, வாடிக்கையாளர் நேரத்தில் யாரும் உட்காரக் கூடாத ஸ்டூலை, காலால் இவள் பக்கம் தள்ளினாள். "அமுக்குணி. ஒரு வார்த்த சொன்னியாடி எங்கிட்ட? இத்தன வருஷம் கூட நிக்கறேன். சரி, உக்காரு மொதல்ல." இவள் உட்கார்ந்தாள். அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, வீட்டு விஷயம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள். "மூத்தத யாருகிட்ட விட்டுட்டு வர்ற?"

வாயைத் திறந்தாள். நல்லாருக்கு என்று சொன்ன வாய்தான், இதற்கும் ஏதாவது சொல்லிவிடும் என்று இவளும் காத்திருந்தாள், அம்மாகிட்ட என்று சொல்லலாம், மாமியார்கிட்ட என்று சொல்லலாம், ஒன்றும் வரவில்லை. இல்லக்கா என்று ஆரம்பித்தால் முடிந்துவிடும், அதுவும் வரவில்லை. யாரும் இதுவரை கேட்டதில்லையே, டாக்டரம்மா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, அவன் கேட்கவில்லை, நானாவது கேட்டேனா… யாரிடம்தான் விட்டுவிட்டு வந்தோம்? தப்பான கேள்வியாகப் படவில்லை, ரொம்ப நாளாக யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வியாகத்தான் பட்டது. அக்கா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது புறங்கையில் வைத்த சொட்டு மெல்ல வழிந்து மணிக்கட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அது சில்லென்று தெரிந்தது.